முகமும் பெயரும்: விளையாட்டு வடிவமைப்பு ஆவணங்களில் பிறர் படங்கள் — சப்ரகமுவத் தோட்டங்களை முன்வைத்து ஒரு நோக்கு

1

கலை இலக்கியத் திறனாய்வு இதுகாறும் முடிவுற்ற ஆக்கங்களையே பெரிதும் தன் பொருளாகக் கொண்டு வந்துள்ளது. நாவல் அச்சேறிய பின்னரும், நாடகம் மேடையேறிய பின்னரும், திரைப்படம் திரையிடப்பட்ட பின்னருமே திறனாய்வாளன் தன் பணியைத் தொடங்குகின்றான். ஆக்கம் உருப்பெறும் பட்டறையில் நிகழ்வன ஆக்கியோனின் சொந்த விடயமாகவே கருதப்பட்டு வந்துள்ளன. கையெழுத்துப் பிரதிகளையும் குறிப்பேடுகளையும் ஆராய்வோர் இல்லாமலில்லை. எனினும் அவர்களும் புகழ்பெற்ற ஆக்கியோரின் மனப்பாங்கை அறியும் நோக்குடனேயே அவற்றை அணுகியுள்ளனர். கணினி விளையாட்டு என்னும் புதிய கலைவடிவமோ பட்டறைக்குள் நுழைந்து பார்க்குமாறு நம்மை வற்புறுத்துகின்றது. ஏனெனில், அது பலர் கூடிச் செய்யும் உற்பத்தி. அவ்வுற்பத்தியை நெறிப்படுத்துவது ஓர் எழுத்து ஆவணம்.

விளையாட்டு வடிவமைப்பு ஆவணம் எனப்படும் இது, ஒரு விளையாட்டின் விதிகள், கதைக்களம், பாத்திரங்கள், படிநிலைகள், காட்சித் தோற்றம் ஆகியவற்றைத் தொகுத்துரைப்பது. நிரலாளர், ஓவியர், இசையமைப்பாளர், முதலீட்டாளர் ஆகியோர் யாவரும் ஒரே விளையாட்டை மனத்திற் கொண்டு வேலை செய்வதற்கு இது துணைபுரிகின்றது. சொல் போதாத இடங்களில் படம் வைக்கப்படுகின்றது. 'மூடுபனி சூழ்ந்த மலைச்சரிவு' என எழுதினால் பத்து ஓவியர் பத்து மலைகளை வரைவர். ஒரு நிழற்படத்தை ஒட்டிவிட்டால் அச்சிக்கல் தீர்ந்துவிடுகின்றது. இவ்வாறு ஒட்டப்படும் படங்கள் மிகப்பெரும்பாலும் பிறர் எடுத்தவை, பிறர் வரைந்தவை, பிறரைப் பற்றியவை. இவற்றை உசாத்துணைப் படங்கள் எனக் குறிப்பிடுவோம்.

உசாத்துணை என்னும் சொல் நமது பல்கலைக்கழக வழக்கில் நன்கு வேரூன்றியது. உசாவுதலாவது வினவுதல், கலந்து ஆராய்தல். ஒரு நூலை உசாத்துணையாகக் கொள்வோர் அந்நூலை வினவுகின்றனர். அதன் விடையை ஏற்பின் ஏற்றதையும் மறுப்பின் மறுத்ததையும் பதிவு செய்கின்றனர். வடிவமைப்பு ஆவணங்களில் இடம்பெறும் படங்கள் இப்பொருளில் உசாவப்படுகின்றனவா என்பதே நாம் இங்கு எழுப்ப விரும்பும் வினா. தோட்டத் தொழிலாளரின் படங்களை முன்வைத்து நோக்குமிடத்து, தொழிலாளியின் தோற்றம் எடுத்துக்கொள்ளப்படுகின்றது என்பதும், அவரது தொழிலறிவு எடுக்கப்படாமலே விடப்படுகின்றது என்பதும் புலனாகும். இவ்விரண்டும் ஒரே செயலின் இரு பக்கங்கள் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

2

முதலிற் சட்டத்தின் நிலையைச் சுருக்கமாக நோக்குவோம். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், நிழற்படம் உட்பட்ட ஆக்கங்களுக்கு ஆக்கியோனின் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டுகளும் பாதுகாப்பளிக்கின்றது. அச்சட்டத்தின் 11ஆம் பிரிவு திறனாய்வு, செய்தி அறிக்கையிடல், கற்பித்தல், ஆராய்ச்சி முதலிய நோக்கங்களுக்கான நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கின்றது. பயன்பாடு வணிக நோக்குடையதா, எடுத்துக்கொள்ளப்பட்ட பகுதியின் அளவென்ன, மூல ஆக்கத்தின் சந்தைக்கு அது விளைக்கும் பாதிப்பென்ன என்பன போன்றவை கருத்திற் கொள்ளப்பட வேண்டியன. நிறுவனத்தின் உள்ளே மட்டும் சுற்றுக்கு விடப்படும் ஆவணத்தில் ஒட்டப்பட்ட படம் எவரது சந்தையையும் பாதிப்பதில்லை என்னும் வாதம் இவ்விடத்திலேயே பிறக்கின்றது. 'வெளியே போகாத தாளில் என்ன களவு?' என வடிவமைப்பாளர் கேட்பது இயல்பே.

ஆயின் தாள் வெளியே போவதுண்டு. அமெரிக்க வடிவமைப்பாளர் ஜூடி ஜுராசெக் 1996 இல் 'சர்பேஸஸ்' என்னும் நூலை வெளியிட்டார். மரம், கல், உலோகம், கண்ணாடி முதலியவற்றின் மேற்பரப்புகளைக் காட்டும் நிழற்படங்களின் தொகுதியான அந்நூல் இறுவட்டு ஒன்றுடன் வந்தது. ஜப்பானிய நிறுவனமான கெப்கொம், 2005 இல் வெளிவந்த 'ரெசிடென்ட் ஈவில் 4' உட்படத் தனது விளையாட்டுகளில் அப்படங்களை அனுமதியின்றிப் பயன்படுத்தியதாக அவர் 2021 இல் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார். குறைந்தது 80 படங்கள் 200 இற்கு மேற்பட்ட இடங்களில் இடம்பெற்றிருப்பதாக அவரது மனு கூறியது. 2020 இல் அந்நிறுவனத்தின் கணினிகளுள் ஊடுருவியோர் வெளியிட்ட உட்கோப்புகளில், ஒரு கோப்பின் பெயர் அவரது இறுவட்டிலிருந்த கோப்பின் பெயருடன் ஒத்திருந்ததையும் அவர் சான்றாகக் காட்டினார். 2022 இல் இரு தரப்பினரும் இணக்கத்துக்கு வந்தமையால் நீதிமன்றத் தீர்ப்பு எதுவும் எழவில்லை. 2025 இல் பங்கி என்னும் நிறுவனம் தனது 'மரதன்' விளையாட்டின் பரிசோதனைப் பதிப்பில், வெளியார் ஓவியர் ஒருவரின் வடிவங்கள் இடம்பெற்றுவிட்டதை ஒப்புக்கொண்டது. முன்னர் பணியாற்றிய ஒருவர் அவற்றை மேற்பரப்புப் படத்தாளொன்றில் சேர்த்துவிட்டதாக அது விளக்கியது.

இந்நிகழ்வுகளால் அறியப்படுவது யாது? உசாவுவதற்கென ஒட்டப்பட்ட படத்துக்கும் ஆக்கத்தில் இடம்பெறும் படத்துக்கும் இடையே உறுதியான வேலி இல்லை. தற்காலிகமாக வைக்கப்பட்டது நிலைத்துவிடுகின்றது; வைத்தவர் வேலையை விட்டுச் சென்றதும் அது எங்கிருந்து வந்தது என்னும் அறிவும் அவருடனேயே சென்றுவிடுகின்றது. மூலத்தைக் குறித்து வைக்காமை முதலில் ஒரு சோம்பல். பின்னர் அதுவே ஒரு நிறுவனத்தின் மறதியாகின்றது.

எனினும், இவ்வழக்குகள் காட்டும் உலகம் குறுகியது. படம் எடுத்தவருக்கும் படத்தைப் பயன்படுத்திய நிறுவனத்துக்கும் இடையிலான பிணக்காகவே அவை அமைகின்றன. உடைந்த கண்ணாடியின் படத்தில் மூன்றாம் தரப்பு எதுவுமில்லை; கண்ணாடிக்கு உரிமை வேண்டியதில்லை. படத்தில் இருப்பது ஒரு மனிதர், அதிலும் தன்னைப் படமெடுக்க வேண்டாமெனச் சொல்லும் நிலையில் இராத ஒரு மனிதர் எனின், பிரச்சினை வேறு வடிவம் கொள்கின்றது. அம்மனிதரைக் காப்புரிமைச் சட்டம் காண்பதேயில்லை. அச்சட்டத்தின் கண்ணுக்கு அவர் ஒரு மேற்பரப்பு மட்டுமே.

3

இலங்கைத் தோட்டத் தொழிலாளரின் உருவம் உலகெங்கும் சுற்றிவந்த வரலாறு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு அண்மித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்கீன் கம்பனி, ஸ்கோவன் கம்பனி முதலிய நிழற்பட நிலையங்களும், 1890 இல் தொடங்கிய பிளாட்டே நிலையமும் தோட்டக் காட்சிகளைப் படமெடுத்துப் பயணிகளுக்கு விற்றன. அவை அஞ்சலட்டைகளாகவும் தொகுப்பேடுகளாகவும் கடல் கடந்தன. விக்டோரியா காலத்தின் தலைசிறந்த நிழற்படக் கலைஞருள் ஒருவரான ஜூலியா மார்கரெட் கெமரன் 1875 இல் குடும்பத்துடன் இலங்கைக்கு வந்து 1879 இல் இங்கேயே காலமானார். அவரது குடும்பத்துக்கு இங்கு கோப்பித் தோட்டங்கள் இருந்தன. இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்கள் டெனிசன், டார்வின், ஹேர்ஷல் எனப் பெயருடன் நிற்கின்றன. இலங்கையில் அவர் எடுத்த படங்களில் இருப்போரோ 'களுத்துறைக் குடியானவர் குழு' என்பது போன்ற தலைப்புகளுக்குள் அடங்கிவிட்டனர். கலைஞர் ஒருவரே, கருவியும் ஒன்றே. ஓரிடத்தில் முகம் ஒரு மனிதரைச் சுட்டுகின்றது; மற்றோரிடத்தில் அது ஒரு வகையைச் சுட்டுகின்றது.

இதனைத் தோட்டத்தின் மற்றொரு ஆவணத்துடன் ஒப்பிடுதல் பயன் தரும். செக்றோல் எனத் தோட்டங்களில் வழங்கும் பெயர்ப்பதிவேட்டை நாம் அறிவோம். விடியற்காலைப் பெரட்டில் நின்ற தொழிலாளியின் பெயர் அதில் ஏறியது. அன்றைய வேலையும் கூலியும் அப்பெயருக்கு எதிரே பதியப்பட்டன. அப்பதிவேட்டில் பெயர் இருந்தது, முகம் இல்லை. அஞ்சலட்டையில் முகம் இருந்தது, பெயர் இல்லை. உழைப்பைக் கணக்கிட வேண்டியபோது பெயரும், உழைப்பை அழகாக்கி விற்க வேண்டியபோது முகமும் தேவைப்பட்டன. ஒரே மனிதரின் பெயரும் முகமும் ஒரே தாளில் சேர்வதற்கான தேவை தோட்ட முதலாளித்துவத்துக்கு எழவில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றோராக்கப்பட்ட பின்னர், கடவுச்சீட்டுக்காகவும் பிரசாவுரிமை விண்ணப்பங்களுக்காகவும் அவை ஒரே தாளில் சேர நேர்ந்தது. 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டபோது, முகமும் பெயரும் சேர்ந்த தாள் பலருக்கு வெளியேற்றத்தின் தாளாயிற்று என்பது வரலாற்றின் கொடிய முரண்.

இன்று விளையாட்டொன்றை வடிவமைக்கும் ஓர் இளைஞர் தமது ஆவணத்தில் ஒட்டும் படம் அஞ்சலட்டையின் நேர் வாரிசு. பச்சை மலை, வளைந்த தேயிலை நிரை, தலையிற் கயிறு தாங்கிய கூடை, புன்னகை பூத்த பெண் என்னும் கூட்டுத் தோற்றம் நூறாண்டுக்கு மேலாகத் தேயிலை விளம்பரங்களால் நிலைநிறுத்தப்பட்டது. பழைய நிழற்படங்கள் பலவற்றின் காப்புரிமைக் காலம் கழிந்துவிட்டமையால் அவற்றை எவரும் கேளாமல் எடுக்கலாம். இவ்விடத்தில் ஓர் உண்மை மனங்கொள்ளத்தக்கது: சட்டத்தின் கடன் முற்றாகத் தீர்ந்துவிட்ட இப்படங்களிலேயே படத்திலுள்ளவர்க்கான கடன் மிகப் பெரிதாக எஞ்சி நிற்கின்றது. அவர் இணங்கினாரா, அன்றைய கூலி அவருக்குக் கிடைத்ததா, நிற்குமாறு துரை கட்டளையிட்டாரா என்பன எவையும் படத்தின் பின்புறத்தில் எழுதப்படவில்லை.

படங்களை ஆக்கித்தரும் செயற்கை நுண்ணறிவு இயந்திரங்கள் இப்போக்கை மேலும் ஒரு படி முன்கொண்டு சென்றுள்ளன. கோடிக்கணக்கான படங்களையும் அவற்றின் தலைப்புகளையும் சேர்த்துப் பயிற்றப்பட்டவை அவை. 'தேயிலை பறிப்பவள்' என்னும் தலைப்புடன் உள்ளே சென்ற முகம், தலைப்புக்குரிய ஒரு சராசரியாகவே வெளியே வரும். முன்பு பெயர் மட்டுமே தொலைந்தது. இப்போது முகமும் கரைந்துவிடுகின்றது. 'எவருடைய படமும் அன்று' என்னும் சமாதானம் வடிவமைப்பாளருக்குக் கிட்டுகின்றது. பலருடைய படங்களிலிருந்து வந்தது என்பதே உண்மை.

4

பிறரின் படத்தை எடுப்பதால் அவருக்கு இழைக்கப்படும் அநீதி ஒருபுறமிருக்க, எடுக்கப்பட்ட படத்தினால் மறைக்கப்படுவோரையும் நாம் கருத்திற் கொள்ளல் வேண்டும். இதற்குச் சப்ரகமுவ தக்க எடுத்துக்காட்டாகும்.

கொழும்பு–கண்டி வீதியிற் செல்வோருக்கு வரக்காப்பொல ஒரு தரிப்பிடம். எள்ளும் சர்க்கரையும் சேர்ந்த தலகுலியும், அயலிலுள்ள வெவெல்தெனியவின் பிரம்புப் பொருள்களும் அவர்கள் கண்ணிற் படும். வீதிக்கு அப்பாலுள்ள இறப்பர்த் தோட்டங்களும் அவற்றின் லயங்களும் கண்ணிற் படுவது அரிது. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் தோட்டத் தமிழர் நுவரெலியாவில் வாழ்வோர் போன்று செறிந்து வாழ்பவரல்லர். சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறி வாழ்பவர். இங்கு தாழ்நிலத் தேயிலையும் உண்டு. ஆயின் இறப்பரே இம்மண்ணின் தனித்துவம். பிரேசிலிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட விதைகள் கியூ தாவரவியற் பூங்காவில் முளைத்து, 1876 இல் கம்பஹாவை அடுத்த ஹேனரத்கொடைப் பூங்காவில் நாற்றுகளாக நடப்பட்டன. 1952ஆம் ஆண்டுச் சீனாவுடனான இறப்பர்–அரிசி ஒப்பந்தத்தின் வாயிலாக நாட்டு மக்களின் சோற்றுக்கு ஈடாகச் சென்றது இத்தோட்டங்களின் பாலே. ஆயினும் 'மலையகம்' என்றதும் எழும் படத்தில் இறப்பர் மரம் இல்லை. 2023 இல் மலையகத் தமிழர் வருகையின் இருநூறாண்டு நினைவுகூரப்பட்டபோது பலரும் பலவிதமான படங்களை வெளியிட்டனர். அவ்வேளையிலும் கொழுந்துக் கூடையே மலையகத்தின் குறியீடாக முன்னின்றது.

வரக்காப்பொலையைச் சுற்றியுள்ள இறப்பர்த் தோட்டமொன்றைக் களமாகக் கொண்டு ஒரு விளையாட்டை வடிவமைக்க ஒருவர் முனைகின்றார் எனக் கொள்வோம். உசாத்துணைப் படங்களைத் தேடுகின்றார். தேயிலை மலைகளின் படங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. இறப்பர்த் தோட்டத்தின் படங்கள் சிலவே. அவற்றுள்ளும் பல பிற நாடுகளில் எடுக்கப்பட்டவை. அழகியதொரு படத்தை எடுத்து, காட்சியமைப்புக்கு ஏற்ப இடவலமாகத் திருப்பி ஒட்டுகின்றார். வடிவமைப்பில் இது நாள்தோறும் நிகழ்வதே. ஆயின், பால் வெட்டுவோர் அப்படத்தைக் கண்டால் நகைப்பர். மரத்தின் வெட்டு இடப்புற மேலிருந்து வலப்புறக் கீழாகச் சரிந்து செல்வது வழமை. பட்டையினுள் பால்நாளங்கள் சற்றுச் சாய்ந்து ஏறுவதால், அவ்வாறு வெட்டும்போதே மிகுதியான நாளங்கள் திறக்கும். திருப்பப்பட்ட படத்தில் வெட்டு மறுபக்கம் சரிகின்றது. ஓவியருக்கு அது ஒரு கோட்டின் திசை. தொழிலாளிக்கு அது பாலின் அளவு, ஆகவே அன்றைய பேரும் கூலியும்.

இன்னும் ஆழ்ந்து நோக்குவோம். பால்வெட்டுக் கத்தி பட்டையின் மெல்லிய சீவலை மட்டுமே எடுத்தல் வேண்டும். ஆழம் குறைந்தால் பால் குறையும். ஆழம் மிகுந்தால் உள்ளிருக்கும் மாறிழையம் என்னும் வளரும் படை காயமுற்று, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, அவ்விடம் மறுமுறை வெட்டுக்கு உதவாது போகும். விடியுமுன் குளிர்ச்சியில் பால் நன்கு ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் தளரும். மழை பெய்து பட்டை நனைந்தால் வெட்ட முடியாது. வெட்டிய பின் பெய்தால் சிரட்டைப் பால் நீருடன் வழிந்தோடும். மரத்தைத் தினமும் வெட்டாது இடைவெளி விடுதல் வேண்டும். சிரட்டையிலும் வெட்டுத் தடத்திலும் உறைந்த ஒட்டுப்பாலையும் சேகரித்தல் வேண்டும். இவை யாவும் ஒரு தொழிலாளியின் கையிலும் கண்ணிலும் உள்ள அறிவு.

விளையாட்டு என்பது அடிப்படையில் விதிகளாலான கலை. நாவல் ஒரு வாழ்வைக் கூறும், ஓவியம் அதைக் காட்டும். விளையாட்டோ ஆடுபவரைத் தெரிவு செய்ய வைக்கும், தெரிவின் பயனை அனுபவிக்க வைக்கும். மேலே கூறிய ஆழம், நேரம், மழை, இடைவெளி ஆகிய ஒவ்வொன்றும் ஒரு தெரிவு. ஒவ்வொன்றுக்கும் உடனடிப் பயனும் பின்விளைவும் உண்டு. இன்று ஆழமாக வெட்டிக் கூடுதற் பால் எடுப்பதா, மரத்தின் நாளைய பட்டையைக் காப்பதா என்பதில் கூலிமுறையின் நெருக்குதலும் மரத்தின் இயல்பும் தொழிலாளியின் மனச்சாட்சியும் ஒன்றுகூடுகின்றன. விளையாட்டொன்றின் கருவாக அமையத்தக்க பொருள் இதுவே. இதனை எந்த நிழற்படமும் தராது. படத்தை ஒட்டியவர் இத்தொழிலைக் காட்டிவிட்டதாகக் கருதுகின்றார். ஆயின், அவர் கொண்டுவந்தது தொழிலின் ஆடையை மட்டுமே. படம் எளிதிற் கிடைத்தமையாலேயே வினவ வேண்டிய தேவை அவருக்கு எழவில்லை. உசாவாத உசாத்துணை என நாம் குறிப்பிடுவது இதனையே.

5

இது வெறும் ஊகமன்று என்பதற்கு வெளிவந்த விளையாட்டுகளே சான்று. 2018 இல் லூடோனோவா என்னும் ஸ்பானிய வெளியீட்டகம் 'சிலோன்' என்னும் பலகை விளையாட்டை வெளியிட்டது. கோப்பி அழிந்த பின்னர் ஜேம்ஸ் டெய்லர் தொடக்கி வைத்த தேயிலைத் தொழிலே அதன் களம். ஆடுவோர் அத்தொழிலை வளர்த்த முன்னோடிகளின் பாத்திரத்தை ஏற்று, வெவ்வேறு மாவட்டங்களில் வெவ்வேறு உயரங்களில் தோட்டம் அமைத்து, ஏற்றுமதிக் கம்பனிகளின் தேவையை நிறைவேற்றுகின்றனர். உயரம் தேயிலையின் தரத்தை நிர்ணயிக்கும் என்பதைக் கருத்திற் கொண்ட அவ்வடிவமைப்பு, தோட்டப் பொருளாதாரத்தைக் கவனத்துடன் கற்றுள்ளது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின், அது கற்றது எவரிடமிருந்து? துரையின் கணக்கேட்டிலிருந்து. நிலம், உயரம், சந்தை, தொழில்நுட்பம் ஆகியன ஆடுவோரின் தெரிவுகளாகின்றன. கொழுந்து பறிப்பவரின் இடத்தில் நின்று தெரிவு செய்யும் வாய்ப்பு ஆடுவோருக்கு இல்லை. தொழிலாளி காட்சியாகலாம், விதியாக முடிவதில்லை.

இக்குறை ஒரு விளையாட்டுக்கு மட்டும் உரியதன்று. 2002 இல் வெளிவந்து பெரும்புகழ் ஈட்டிய 'புவர்ட்டோ ரிக்கோ'வில், தோட்டங்களில் வேலை செய்யக் கப்பலில் வந்திறங்குவோர் பழுப்பு நிறச் சிறு வட்டுகளாகக் குறிக்கப்பட்டனர். 'குடியேறிகள்' என அவை பெயரிடப்பட்டிருந்தும், அடிமைகளையே அவை குறிக்கின்றன என்னும் கண்டனம் நீண்டகாலம் எழுந்தது. 2022 இல் வெளிவந்த மறுபதிப்பு, அடிமை முறை ஒழிந்த பின்னரான 1897ஆம் ஆண்டுக்குக் களத்தை மாற்றியது. படத்தையும் பெயரையும் மாற்றுவது எளிது. உழைப்பவரை வட்டாகக் கொள்ளும் விதியை மாற்றுவதே கடினம் என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.

மறுதலையான ஓர் எடுத்துக்காட்டையும் குறிப்பிடல் வேண்டும். ரொறன்ரோவிலுள்ள விசை கேம்ஸ் 2023 இல் வெளியிட்ட 'வெண்பா', 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையைக் கூறுவது. 2024 இல் பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைக் கழகத்தின் அறிமுக விளையாட்டுக்கான விருது அதற்குக் கிடைத்தது. தாயார் தந்த சமையற் குறிப்பேடு சிதைந்துபோக, அதிற் காணாமற்போன படிமுறைகளை ஆடுபவர் ஊகித்து இட்டலியும் புட்டும் சமைக்க வேண்டியுள்ளது. இங்கு விதியாக வந்திருப்பது ஒரு பெண்ணின் கைப்பக்குவம். திரையிசையும் அவ்வாறே கையாளப்பட்டுள்ளது. வெவ்வேறு காலத் தமிழ்த் திரைப்பாடல்களின் பாணிகளை நினைவூட்டும் புதிய பாடல்கள் அதற்கென இயற்றப்பட்டன. பழைய ஒலிப்பதிவுகள் எடுத்து ஒட்டப்படவில்லை. பிறர் ஆக்கத்தை உசாவுவதற்கும் எடுத்துக்கொள்வதற்கும் இடையிலான வேறுபாடு இதில் தெளிவாகத் தெரிகின்றது. தமிழர் செய்தமையால் மட்டுமே இது நன்றாயிற்று என நாம் கொள்ளவில்லை. தோட்டத்தைக் கண்டிராத தமிழரும் அஞ்சலட்டையையே ஒட்டக்கூடும். தோற்றத்தின் பின்னாலிருந்த அறிவைத் தேடிச் சென்றமையே அதன் பலம்.

6

இனி எதிர்வாதங்களை நோக்குவோம். பிறர் படங்களை உசாவாமல் எந்தக் கலையும் வளர்ந்ததில்லை. ஒவ்வொரு படத்துக்கும் அனுமதி கேட்க வேண்டுமெனின், வழக்கறிஞரை அமர்த்தக்கூடிய பெருநிறுவனங்களே விளையாட்டுச் செய்ய முடியும். வரக்காப்பொலையில் ஒரு கணினியுடன் அமர்ந்திருக்கும் இளைஞரால் முடியாது என்பது முதலாவது வாதம். இதனை நாம் முற்றாக ஏற்கின்றோம். படத்தின் சட்டபூர்வ உடைமையாளர் பெரும்பாலும் படமெடுத்த கலைஞர்கூட அல்லர். படங்களைத் தொகுத்து விற்கும் வணிக நிறுவனங்களே. அவற்றின் வேலியைப் பலப்படுத்துவது முற்போக்காளரின் பணியாகாது. உசாவும் உரிமை காக்கப்பட வேண்டும். அவ்வுரிமையை வாய்மூடி எடுத்துக்கொள்ளும் உரிமையெனக் கொள்வதையே நாம் மறுக்கின்றோம்.

ஆவணத்தை எவரும் கலைப்படைப்பாகப் படிப்பதில்லை, அதற்கு ஏன் இவ்வளவு நெறி என்பது இரண்டாவது வாதம். முதலாளி படிப்பதும் ஓவியர் படிப்பதும் அதனையே என்பது எமது விடை. ஆவணத்தில் இல்லாத மனிதர் விளையாட்டில் இரார். தோட்டத் தொழிலாளி அதில் ஒரு நிறமாகவும் நிலைப்பாடாகவும் மட்டும் நுழைந்தால், இறுதிவரை நிறமாகவே இருப்பார்.

நெறிக்காக நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஒரு நூலுக்குச் சிறப்புப்பாயிரம் உரைக்க வேண்டிய செய்திகளை நன்னூல் எட்டாகத் தொகுக்கின்றது. ஆக்கியோன் பெயரை அடுத்து அங்கு வைக்கப்பட்டிருப்பது 'வழி'. அந்நூல் எதன் வழிப்பட்டது என்பதை மறைக்காது கூறுதல் நூலின் சிறப்புகளுள் ஒன்றாகவே கருதப்பட்டது. நூல்களை முதல், வழி, சார்பு என வகுத்த மரபு, பிறர் நூலின் வழிச் செல்வதை இழிவாகக் கொள்ளவில்லை. வழியைச் சொல்லாமையையே குறையாகக் கொண்டது. உரையாசிரியர்களும் பிறர் கருத்தைப் பெயர் சுட்டியும் சுட்டாமலும் எடுத்தாண்டு, ஏற்றும் மறுத்தும் வாதிட்டனர். இம்மரபிலும் ஒரு வரையறை உண்டு: அதிற் பெயர் பெற்றோர் புலவரும் ஆசிரியருமே. உழைக்கும் மக்களின் பாடலும் சொல்லும் பெயரின்றியே எடுத்தாளப்பட்டன. மலையக மக்களின் நாட்டார் பாடல்களைத் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை போன்றோரின் பணி இக்குறையை நீக்கும் முயற்சியின் தொடக்கமாகும். தொழிற்சங்கவாதியாகவும் எழுத்தாளராகவும் அம்மக்களிடையே வாழ்ந்த அவர், பாடியோரின் வாழ்வினின்றும் பாடலைப் பிரிக்கவில்லை. அந்நெறியைப் படத்துக்கும் விரிப்பதே இன்றைய தேவை.

எனவே, வடிவமைப்பு ஆவணத்தில் ஒட்டப்படும் ஒவ்வொரு மனிதப் படத்துக்கும் கீழே ஒரு சிறு பாயிரம் எழுதப்படல் வேண்டும் எனப் பரிந்துரைக்கின்றோம். படம் எடுத்தவர் யார், படத்தில் இருப்பவர் யார், எவ்விடத்தில் எக்காலத்தில் எடுக்கப்பட்டது, அதனிடம் நாம் எதை வினவுகின்றோம், இத்தொழிலை அறிந்த எவரிடம் அதைக் காட்டிக் கேட்டோம் என்னும் ஐந்து செய்திகள் போதும். பெயர் தெரியாதவிடத்து 'பெயர் பதியப்படவில்லை' என எழுதுதல் வேண்டும். அவ்வெற்றிடம் கண்ணிற் படுவதே ஒரு பயன். ஓவியரும் முதலீட்டாளரும் அதனைக் கடந்தே அடுத்த பக்கத்துக்குச் செல்ல நேரிடும். ஐந்தாவது செய்தியே இவற்றுள் தலையாயது. பால் வெட்டும் ஒருவரிடம் படத்தைக் காட்டிக் கேட்டவர், வெட்டின் சரிவை மட்டும் திருத்திக்கொண்டு திரும்பமாட்டார். தாம் எழுத நினைத்த விதிகளையே மாற்றி எழுதுவார். அவ்வாறு அறிவு தந்தவரின் பெயர், அவர் இசைந்தால், விளையாட்டின் இறுதியில் வரும் ஆக்கியோர் பட்டியலில் இடம்பெறுதல் வேண்டும்; அவர் செலவிட்ட நேரத்துக்கு ஊதியமும் தரப்படல் வேண்டும். நேரத்துக்குக் கூலி என்பது தோட்டத்தில் எவருக்கும் விளக்க வேண்டிய கோட்பாடன்று.

தனியொரு வடிவமைப்பாளரின் நல்லெண்ணத்தில் மட்டும் இதனை விட்டுவிட முடியாது. சப்ரகமுவத் தோட்டங்களின் படங்கள் இன்மையால் பிற நாட்டுப் படங்களும் பிற மாவட்டப் படங்களும் ஒட்டப்படுகின்றன எனின், அவ்வின்மைக்குப் பல்கலைக்கழகங்களும் பொறுப்புடையன. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த மாணவர் நம்மிடையே உள்ளனர். தமது பெற்றோரின் தொழிலை, அவர்களது இணக்கத்துடன், பெயருடனும் சொல்லுடனும் படமாகப் பதிந்து, ஆய்வாளரும் கலைஞரும் உசாவத்தக்க ஒரு தொகுதியாக்குவது தமிழ்ச் சங்கங்களின் ஆற்றலுக்கு உட்பட்டதே. கத்தியை எவ்வாறு பிடிப்பது, எவ்வளவு ஆழத்தில் நிறுத்துவது என்பதைப் பால் வெட்டுவோரே சொல்ல, அது படத்துடன் சேர்த்துப் பதியப்படல் வேண்டும். பெயரும் முகமும் அறிவும் ஒரே தாளில், அவர்களது விருப்பத்துடன் சேரும் ஓர் ஆவணம் தோட்டத்தின் வரலாற்றில் இன்னும் எழுதப்பட வேண்டியுள்ளது. அதனை எழுதத் தொடங்குவதற்கு எவரது அனுமதிக்காகவும் நாம் காத்திருக்க வேண்டியதில்லை, அம்மக்களின் அனுமதியைத் தவிர.